வயிற்றுக் குழந்தையின் எடை: எந்த சார்ட் என்று ரிப்போர்ட்டில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருவில் எடை குறைந்த குழந்தைகள் பற்றி உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வயிற்றில் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் குரோத் ஸ்கேனில் எடை 10 பெர்சென்டைலுக்குக் கீழே இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தீர்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அந்த 10 எந்த வளர்ச்சி வரைபடத்தின், அதாவது எந்த சார்ட்டின் 10 என்பது கட்டுரையில் எங்கும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பதையே வேலையாகக் கொண்ட மருத்துவர் நான். வெவ்வேறு இடங்களில் எடுத்த ரிப்போர்ட்டுகளோடு தினமும் தாய்மார்கள் வருகிறார்கள். அவற்றில் பலவற்றிலும் இந்த விவரம் இருப்பதில்லை. இருந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தத்தான் இந்தக் கடிதம்.

ஸ்கேன் இயந்திரம் குழந்தையை எடை போடுவதில்லை. தலையின் குறுக்களவு, தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகிய நான்கையும் நாங்கள் அளந்து கொடுக்கிறோம். இயந்திரம் அவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு இத்தனை கிராம் என்று சொல்கிறது. இந்த நான்கில் எடையை அதிகம் ஏற்றி இறக்குவது வயிற்றுச் சுற்றளவு. அளக்கச் சிரமமானதும் அதுதான். இரைப்பை கறுப்புக் குமிழியாகத் தெரிய வேண்டும், தொப்புள் சிரை கல்லீரலுக்குள் வளைகிற இடம் தெரிய வேண்டும், சிறுநீரகம் தெரியக் கூடாது. அந்தக் குறுக்குவெட்டு கிடைத்ததும் படத்தை நிறுத்தி, தோலின் வெளிவிளிம்பை ஒட்டி வட்டத்தைப் பொருத்துவோம். குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தாலோ பனிக்குட நீர் குறைவாக இருந்தாலோ அந்த விளிம்பு மங்கிவிடும். சில மில்லிமீட்டர் முன்னே பின்னே போனால் எடையும் கூடவே மாறும். கைதேர்ந்தவர் எடுத்தாலும் இந்தக் கணிப்பில் 10 சதவீதம் வரை பிழை சாதாரணம், சில நேரம் 15 சதவீதம். ரிப்போர்ட்டில் 2,500 கிராம் என்று இருந்தால் குழந்தை 2,250 ஆகவும் இருக்கலாம், 2,750 ஆகவும் இருக்கலாம்.

அப்புறம்தான் பெர்சென்டைல் வருகிறது. அதே வாரத்தில் இருக்கும் 100 குழந்தைகளை எடை குறைந்ததிலிருந்து வரிசையாக நிறுத்தினால் இந்தக் குழந்தை எத்தனையாவது இடத்தில் நிற்கும் என்பதே அந்த எண். அந்த 100 குழந்தைகள் யாருடையவர்கள் என்பதுதான் என் கேள்வி. உலகெங்கும் பல இயந்திரங்களில் வாங்கும்போதே பதிந்து வரும் வரைபடம் ஹாட்லாக் என்பவருடையது. 1991-ல் வெளியானது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 392 கர்ப்பிணிகளை வைத்துத் தயாரித்தது. அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வர்க்க வெள்ளையினப் பெண்கள். கவனமாகச் செய்த வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இயந்திரங்களில், எந்த நாட்டில், எந்தத் தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையானாலும் அந்த 392 பேரின் குழந்தைகளோடுதான் ஒப்பிடப்படுகிறது. அது தாய்க்கும் தெரியாது, பல நேரம் ரிப்போர்ட்டைப் படிக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அண்மையில் ஒரு பெண் இரண்டு ரிப்போர்ட்டுகளோடு வந்தார். 34 வாரம், முதல் பிரசவம். ஒரே வாரத்துக்குள் இரண்டு இடங்களில் எடுத்தவை. எடை இரண்டிலும் 1,950 கிராமை ஒட்டியே இருந்தது. ஒன்றில் ‘வளர்ச்சிக் குறைபாடு’ என்று தடித்த எழுத்தில் போட்டு, பெர்சென்டைல் 10-க்குக் கீழே என்று இருந்தது. மற்றதில் 10-க்கு நன்றாக மேலே. முதல் இயந்திரம் ஹாட்லாக் வரைபடத்தையும் இரண்டாவது இன்டர்குரோத் என்ற வரைபடத்தையும் வைத்திருந்தன. இரண்டு ரிப்போர்ட்டிலும் அது எழுதப்படவில்லை. அச்சிட்ட படங்களின் ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். கூட வந்த மாமியார், “நேரா நேரத்துக்கு சாப்பிடுன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறா டாக்டர்” என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். சார்ட்டின் பெயர் எழுதாமல் விட்டதற்கான பழி எங்கே போய் இறங்குகிறது என்பதை எந்த மருத்துவப் பக்கமும் எழுதுவதில்லை, ஐயா. “இது சாப்பாட்டு விஷயமே இல்லைம்மா, குழந்தை அதே குழந்தைதான், கோடுதான் வேறே” என்று இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மறுபடியும் அளந்தேன், ரத்த ஓட்டமும் பார்த்தேன். எல்லாம் சீராக இருந்தது.

சரி, இனத்துக்கு இனம் கருவின் வளர்ச்சி உண்மையிலேயே மாறுகிறதா? மாறுகிறது என்று சொல்லும் ஆய்வும் இருக்கிறது, பெரிதாக மாறவில்லை என்று சொல்லும் ஆய்வும் இருக்கிறது. இரண்டையும் செய்தவர்கள் பெரிய நிபுணர்களே.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஒரு பிரிவு 12 மருத்துவ மையங்களில், நோயற்ற, ஆபத்துக் காரணி இல்லாத 2,334 கர்ப்பிணிகளை மீண்டும் மீண்டும் ஸ்கேன் செய்து 2015-ல் முடிவை வெளியிட்டது. தங்களை வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், ஆசியர் என்று அந்தப் பெண்களே குறித்துக்கொண்டார்கள். கணித்த எடையில் 20 வாரத்துக்குப் பிறகு வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. வயிற்றுச் சுற்றளவில் 16 வாரத்திலேயே தெரிந்தது. தொடை எலும்பும் மேற்கை எலும்பும் கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகளுக்குத் தொடக்கத்திலிருந்தே நீளமாக இருந்தன. 39 வாரத்தில் நடு எடை (பாதிக் குழந்தைகள் அதற்கு மேலே, பாதி கீழே) வெள்ளையருக்கு 3,505 கிராம், ஹிஸ்பானியருக்கு 3,336, ஆசியருக்கு 3,270, கறுப்பினத்தவருக்கு 3,260. வெள்ளையருக்கான கோட்டை எல்லோருக்கும் வைத்தால், மற்ற மூன்று பிரிவுகளிலும் 100-க்கு 15 குழந்தைகள் வரை கடைசி 5 பெர்சென்டைலில் விழுவார்கள் என்றது அந்த ஆய்வு. விழ வேண்டியது 5 பேர்தான்.

ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். 39 வாரம், கணித்த எடை 2,700 கிராம். வெள்ளையருக்கான 5-வது பெர்சென்டைல் கோடு 2,790; குழந்தை அதற்குக் கீழே. ஆசியருக்கான கோடு 2,621. குழந்தை அதற்கு மேலே. முதல் கோட்டின்படி இன்னும் சில ஸ்கேன், வலி வரவழைத்துப் பிரசவம், அதுவரை அம்மாவுக்குத் தூக்கமில்லாத இரவுகள். இரண்டாவது கோட்டின்படி “நார்மல்தான், போய்ட்டு வாங்க.” இந்த இரண்டில் எது சரி என்று அந்த எண்ணை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மறுபக்கம் இன்டர்குரோத்-21 ஆய்வு. பிரேசிலின் பெலோட்டாஸ், சீனாவின் பெய்ஜிங், இந்தியாவின் நாக்பூர், இத்தாலியின் டூரின், கென்யாவின் நைரோபி, ஓமானின் மஸ்கட், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு, அமெரிக்காவின் சியாட்டில் ஆகிய 8 இடங்களில் நல்ல உணவும் நல்ல கவனிப்பும் கிடைத்த ஆரோக்கியமான கர்ப்பிணிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2014-ல் வந்த முடிவு: கருவின் தலைச் சுற்றளவு, பிறந்த குழந்தையின் நீளம் போன்ற எலும்பு சார்ந்த அளவுகளில், குழந்தைக்குக் குழந்தை உள்ள மொத்த வேறுபாட்டில் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டின் பங்கு 4 சதவீதம்கூட இல்லை. தாய் நன்றாக இருந்தால் எங்கும் கரு ஒன்றுபோலவே வளரும், ஆகவே உலகுக்கு ஒரே வரைபடம் போதும் என்றார்கள். மூன்றாவதாக உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் ஆய்ந்து 2017-ல் ஒரு வரைபடம் தந்தது. இந்தியாவும் அதில் உண்டு. அவர்கள் நாட்டுக்கு நாடு எடை மாறுவதைப் பார்த்தார்கள். கூடவே தாயின் வயது, உயரம், எடை, எத்தனையாவது பிரசவம், குழந்தை ஆணா பெண்ணா என்பவையும் எடையை மாற்றுவதைப் பார்த்தார்கள்.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். 2015 ஆய்வில் 39 வாரத்தில் வெள்ளையருக்கும் ஆசியருக்கும் நடு எடையில் இடைவெளி 235 கிராம். ஆசியருக்குள் மட்டும் 5-வது பெர்சென்டைலுக்கும் 95-வது பெர்சென்டைலுக்கும் உள்ள இடைவெளி 1,457 கிராம். இனத்துக்கு இனம் உள்ள தூரத்தைவிட ஒரே இனத்துக்குள் உள்ள தூரம் ஆறு மடங்கு. அந்த 235 கிராம்கூட 3,505-ல் 7 சதவீதத்துக்கும் குறைவு, அதாவது ஸ்கேனின் வழக்கமான பிழைக்குள்ளேயே அடங்குகிறது. ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வேறுபாடு உண்மை. என் முன்னே படுத்திருக்கும் ஒரு தாயின் குழந்தையிடம் அது பெரிதாக எதையும் சொல்வதில்லை.

‘ஆசியர்’ என்ற கட்டம் வேறு எனக்கு உறுத்துகிறது. சீனா, பிலிப்பைன்ஸ், இந்தியா, பசிபிக் தீவுகள் எல்லாம் அந்த ஒரே கட்டத்துக்குள். ஐந்தடிக்கும் குறைவான பெண்ணும் ஐந்தரை அடிப் பெண்ணும் அதே கட்டத்தில். தந்தை வேறு இனத்தவராக இருந்தால் அந்தக் குழந்தையை எந்தக் கோட்டில் வைப்பது? கட்டத்தை நிரப்பியது தாயின் இனத்தை மட்டும் வைத்துத்தானே. பிரிட்டனில் ஜேசன் கார்டோசி என்ற மருத்துவரின் குழு ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியாகக் கோடு போடும் முறையை 1990-களிலிருந்து வளர்த்தது. உயரம், எடை, எத்தனையாவது பிரசவம் எல்லாம் அதில் சேரும். கொஞ்சம் பொருத்தமான வழி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதிலும் இனம் ஒரு காரணியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஏன் இனத்தைச் சேர்ப்பதில் எனக்கு இவ்வளவு தயக்கம்? “நம்ம குழந்தைங்க எல்லாம் சின்னதாத்தான் இருக்கும்” என்ற ஆறுதலை நான் அதிகம் கேட்டுவிட்டேன். சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். அந்த ஆறுதலுக்குப் பின்னால் நிஜமாகவே வளராமல் நின்றுபோன குழந்தை ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. பிரிட்டனில் ஆசிய வம்சாவளிக் குழந்தைகளும் கறுப்பின வம்சாவளிக் குழந்தைகளும் வயிற்றிலேயே இறப்பது வெள்ளையினக் குழந்தைகளைவிட அதிகம். ஆஸ்திரேலியாவில் பார்த்தபோது, வயிற்றில் குழந்தை இறக்கும் ஆபத்து அங்கே பிறந்த தாய்மாருக்கு 41 வாரத்தில் ஏறத் தொடங்கியது, தெற்காசியாவில் பிறந்த தாய்மாருக்கு 39 வாரத்திலேயே ஏறத் தொடங்கியது. எடை குறைவாக இருப்பது அவர்களுக்கு வெறும் இயல்பு என்றால் இப்படி நடக்க வேண்டியதில்லை. கோட்டைக் கீழே இறக்கிவிட்டால் பயம் குறையும், ஆபத்து குறையாது.

புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் செய்த ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே சுற்று வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. தசையிலும் வயிற்று உறுப்புகளிலும் புனே குழந்தைகளுக்குப் பற்றாக்குறை அதிகம், தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கிய சிறிய உடல் அல்ல அது. எதையோ விட்டுக்கொடுத்து எதையோ காப்பாற்றிக்கொண்ட உடல். தாயின் உயரம் அவள் சிறுமியாக இருந்தபோது கிடைத்த உணவைப் பொறுத்தது. அவள் பிறந்தபோது இருந்த எடை அவளுடைய அம்மாவின் நிலையைப் பொறுத்தது. இரண்டு மூன்று தலைமுறைப் பற்றாக்குறையை அளந்து, அதை ‘இந்த இனத்தின் இயல்பு’ என்று வரைபடமாக அச்சிட்டுவிட்டால், அதைச் சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வராது. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

மருத்துவ உலகமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்கு மட்டும் தனியாக ஒரு பெருக்கல் இருந்தது. அவர்களின் சிறுநீரகம் இருப்பதைவிட நன்றாக இருப்பதாக அது காட்டியது. 2021-ல் அமெரிக்க நிபுணர்கள் அதை நீக்கினார்கள். 2015-ல் நான்கு இனத்துக்கு நான்கு வரைபடம் தந்த அதே கருவளர்ச்சி ஆய்வின் நிபுணர்கள், 2022-ல் இனப் பிரிவு இல்லாத ஒரே வரைபடத்தை வெளியிட்டார்கள். அந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

அதற்காக, உள்ளூர்த் தரவு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கர்ப்பத்தின் வயதைக் கணிக்கும் சூத்திரத்தை இந்தியக் கர்ப்பிணிகளின் ஸ்கேன் அளவுகளைக் கொண்டே சென்னை ஐஐடியும் ஃபரிதாபாத்தில் உள்ள ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி 2024-ல் அறிவித்தன. வயது சரியாகத் தெரிந்தால்தான் எடை சரியா என்று சொல்லவே முடியும். இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. முதல் மூன்று மாத ஸ்கேனில், குழந்தையின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தை வைத்துக் குறிக்கும் பிரசவத் தேதிதான் நம்பகமானது. ஏழாம் மாதத்தில் குழந்தை சிறியதாகத் தெரிகிறது என்பதற்காகத் தேதியைத் தள்ளிப் போட்டால், குறைந்த வளர்ச்சி காகிதத்தில் நார்மல் ஆகிவிடும். குழந்தைக்கு எதுவும் மாறியிருக்காது. இப்படித் தேதி மாற்றி எழுதிய ரிப்போர்ட்டுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் பதைப்பாக இருக்கிறது.

தொடை எலும்பு விஷயமும் இதே கதைதான். ஐந்தாம் மாத ஸ்கேனில் அது குட்டையாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம் சந்தேகத்துக்கான சிறு அடையாளங்களில் ஒன்றாக எடுத்துக்கொள்வது வழக்கம். குள்ளமான பெற்றோரின் குழந்தைக்கு, வேறு எந்த அறிகுறியும் இல்லாமல், அந்த ஒரு அளவை மட்டும் வைத்து சந்தேகம் எழுதிக் கொடுத்தால் அந்தக் குடும்பம் படும் பாடு சொல்லி முடியாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு குரோத் ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் பெர்சென்டைலுக்குப் பக்கத்திலேயே எந்த வரைபடம், எந்த ஆண்டு என்று ஒரு வரி இருக்க வேண்டும். இயந்திரத்தின் அமைப்பில் ஒருமுறை மாற்றினால் போதும், தானாகவே அச்சாகும். பைசா செலவில்லை. ஒரு தாய்க்கு முதலில் எந்த வரைபடமோ கடைசி வரை அதே வரைபடம்தான். முந்தைய ஸ்கேனின் எடையும் முதல் ஸ்கேனில் குறித்த தேதியும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால் எந்தக் கோட்டில் குழந்தை இருக்கிறது என்பதைவிட, தன் கோட்டிலேயே ஏறி வருகிறதா, இரண்டு கோடு இறங்கிவிட்டதா என்பதுதான் எங்களுக்குத் துப்பு. 8-வது பெர்சென்டைலிலேயே சீராக ஏறி வரும் குழந்தையைவிட, 60-லிருந்து 15-க்கு வந்த குழந்தைக்காக நான் அதிகம் பயப்படுவேன். அதையும் இரண்டு வாரமாவது இடைவெளி விட்டுத்தான் பார்க்க வேண்டும். நாலு நாளில் மறுபடி எடுத்தால் நாம் பார்ப்பது வளர்ச்சியை அல்ல, அளவையின் பிழையை. எடை 3-வது பெர்சென்டைலுக்குக் கீழே போய்விட்டால் வேறு பேச்சே இல்லை, அது தீவிரம். 3-க்கும் 10-க்கும் நடுவே இருந்தால் தொப்புள்கொடியிலும் மூளையிலும் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று டாப்ளர் ஸ்கேன் சொல்லும். நஞ்சுக்கொடி வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு இனம் பதில் சொல்லாது, டாப்ளர் சொல்லும்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதையெல்லாம் தாய்மாருக்குப் புரியும்படி ஒருமுறை எழுதினால் பெரிய உதவியாக இருக்கும். “டாக்டர், இது எந்த சார்ட்? போன ஸ்கேனிலும் இதே சார்ட்தானா?” என்று கேட்க எந்தப் பெண்ணும் தயங்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் அதே கட்டுரையில் போடுங்கள்: எந்த வரைபடமாக இருந்தாலும், பெர்சென்டைல் 50 என்றே இருந்தாலும், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் அடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
கர்ப்பகால ஸ்கேன் மருத்துவர் ஒருவர்